விளக்கும் குடமும்: தேர்தலில் வென்றவர்கள் தேர்தலை ஒழித்த கதை



வேப்பந்தட்டை அவையின் இன்றைய பொருள், வலதுசாரி இயக்கங்களின் எழுச்சியும் அதனால் மக்களாட்சிக்கு வரும் ஆபத்தும். உலகம் இன்று இதை அமெரிக்காவை வைத்துப் பேசுகிறது. அமெரிக்காவுக்கு முன்பே, தனுஷ்கோடிக்கு அப்பால் முப்பது கிலோமீட்டர் கடல் தாண்டி இருக்கும் ஒரு நாடு இந்தப் பாடத்தை முழுவதுமாகப் படித்தது. அந்தப் பாடத்துக்கான கட்டணத்தில் பெரும் பகுதியைக் கட்டியவர்கள் தமிழர்கள். ஆகவே பேச்சு இலங்கையில் தொடங்குகிறது.

1982 டிசம்பர் 22. இலங்கை மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். கையில் கொடுத்த சீட்டில் வேட்பாளர் பெயர் இல்லை, கட்சியின் பெயரும் இல்லை. இரண்டே சின்னங்கள் இருந்தன: ஒன்று விளக்கு, மற்றொன்று குடம். விளக்குக்கு நேரே புள்ளடி என்னும் பெருக்கல் குறியைப் போட்டால், 1977இல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் பொதுத்தேர்தலே இல்லாமல் மேலும் ஆறு ஆண்டுகள் நீடிக்கும். குடத்துக்கு நேரே போட்டால், முறைப்படி தேர்தல் வரும். இனித் தேர்தல் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு தேர்தல் வைத்துக் கேட்டார்கள்! விளக்குக்கு 54.66 விழுக்காடு விழுந்தது. விளக்கு வென்றது, நாடு இருண்டது.

அந்த நாடு சாதாரண நாடா? 1931இலேயே ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை பெற்ற நாடு. இந்தியாவில் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே இலங்கையின் தோட்டத் தொழிலாளி வாக்களித்திருக்கிறான். தேர்தலில் தோற்ற அரசு மறுநாளே வீட்டுக்குப் போகும் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. 1956, 1960, 1965, 1970, 1977 என்று ஆட்சிகள் மாறிக்கொண்டே வந்தன. அப்படிப்பட்ட நாட்டில் மக்களாட்சி எப்படிச் சுருங்கியது? இராணுவம் வந்து சுருக்கியதா? இல்லை. பீரங்கி எதுவும் தெருவுக்கு வரவில்லை. தேர்தலில் முறையாக வென்ற கட்சி, நாடாளுமன்ற நடைமுறைகளைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் செய்தது.

அந்தக் கட்சி ஐக்கிய தேசியக் கட்சி. நிலவுடைமையாளர்கள், தோட்ட முதலாளிகள், ஆங்கிலம் படித்த மேல்தட்டினர் ஆகியோர் கூடி உருவாக்கிய வலதுசாரிக் கட்சி அது. இப்படிப்பட்ட கட்சிகளுக்கு எந்த நாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. செல்வர்களின் பொருளாதாரத் திட்டத்தை மட்டும் சொன்னால் ஏழைகளின் வாக்கு கிடைக்காது. வேறு ஏதாவது ஒன்று வேண்டும். பெரும்பான்மை மக்களிடம் சென்று, உன் மொழிக்கு ஆபத்து, உன் மதத்துக்கு ஆபத்து, உன் இடத்தை வேறொருவன் பிடுங்குகிறான் என்று சொல்வதே அந்த வேறு ஒன்று. பணக்காரனின் வரிக்கணக்கும் ஏழையின் அச்சமும் ஒரே மேடையில் ஏறும்போது வலதுசாரி இயக்கம் பெரும் வலிமை பெறுகிறது. இலங்கையிலும் இதுதான் நடந்தது, அமெரிக்காவிலும் இதுதான் நடக்கிறது.

இலங்கையில் இது தொடங்கிய ஆண்டு 1948. விடுதலை கிடைத்தது பிப்ரவரியில். அதே ஆண்டு முடிவதற்குள் டி.எஸ். சேனநாயக்கா அரசு குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மலையகத் தோட்டங்களில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் அந்தச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. காரணம் என்ன? அவர்கள் 1947 தேர்தலில் தங்கள் சொந்தப் பிரதிநிதிகளை அனுப்பினார்கள், மற்ற தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வாக்களித்தார்கள். தனக்கு வாக்களிக்காதவனை வாக்காளர் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது என்ற வழியை விடுதலை பெற்ற இலங்கையின் முதல் அரசு கண்டுகொண்டது.

அந்தத் தொழிலாளர்கள் யார்? பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்தும் தஞ்சை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்தும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிக் கங்காணி பின்னால் கப்பலேறியவர்களின் பிள்ளைகள். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அந்தப் பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதிகளே. ஆகவே 1948ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மண்ணின் உறவினர்களைத் தொட்ட சட்டம். அதை எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். இன்று மலையகத் தமிழனுக்கு நேர்ந்தது நாளை வடக்கு கிழக்குத் தமிழனுக்கும் நேரும் என்று எச்சரித்து, தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஏழு ஆண்டுகளுக்குள், 1956இல், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது.

அந்த 1956 இன்னொரு உண்மையையும் காட்டுகிறது. சிங்களம் மட்டும் என்ற முழக்கத்தை முன்வைத்தவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா. அதுவரை இரு மொழிகளும் ஆட்சிமொழி என்று சொல்லிவந்த ஐக்கிய தேசியக் கட்சி, தேர்தல் நெருங்கியதும் தானும் சிங்களம் மட்டும் என்றது. ஒருவர் வெறுப்பை ஏலத்தில் விட்டால், மற்றவர் விலையை ஏற்றுகிறார். 1957 ஜூலையில் பண்டாரநாயக்கா மனம் மாறிச் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். அதை எதிர்த்து அதே ஆண்டு அக்டோபரில் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பியவர் யார்? ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா. பயணம் பாதி வழியில் தடுக்கப்பட்டது. ஆனால் 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. அந்த ஜெயவர்த்தனாதான் இருபது ஆண்டுகள் கழித்து இந்தக் கதையின் நடுவில் வந்து நிற்கிறார்.

1977 ஜூலை 21. பொதுத்தேர்தல். அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகள் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சி. தன்னை இடதுசாரி என்று சொல்லிக்கொண்ட ஆட்சி அது. அரிசிக்குத் தட்டுப்பாடு, துணிக்குத் தட்டுப்பாடு, ரொட்டிக்குக்கூட வரிசை. அதோடு ஒரு பெருந்தவறும் செய்திருந்தது. 1972இல் புதிய அரசியலமைப்பை இயற்றும் சாக்கில் தன் பதவிக்காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது. 1975இல் முடிந்திருக்க வேண்டிய ஆட்சி 1977 வரை நடந்தது. மக்களாட்சியின் விதிகளை வளைப்பது வலதுசாரிகளின் தனியுரிமை என்று யாரும் எண்ண வேண்டாம். ஒருவர் வளைத்த விதியை அடுத்து வருபவர் இன்னும் அதிகமாக வளைப்பார். மக்கள் கோபத்தோடு வாக்களித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

விளைவு என்ன? ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்த வாக்கு 50.9 விழுக்காடு. கிடைத்த இடங்கள் 168இல் 140. அதாவது வாக்கில் பாதி, இடத்தில் ஆறில் ஐந்து பங்கு. ஏறத்தாழ முப்பது விழுக்காடு வாக்கு வாங்கிய சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடங்கள். இடதுசாரிகளுக்கு ஓர் இடமும் இல்லை. 18 இடங்களைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியானது, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். இந்தக் கணக்கைக் கேட்பவர்கள் நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். பின்னால் நடந்த அத்தனைக்கும் இதுவே அடி.

ஆறில் ஐந்து பங்கு கையில் இருந்தால் அரசியலமைப்பை நினைத்த நேரத்தில் மாற்றலாம். 1978 பிப்ரவரி 4 அன்று, தேர்தல் எதுவும் இல்லாமல், ஒரு திருத்தத்தின் மூலமே ஜெயவர்த்தனா நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி ஆனார். செப்டம்பர் 7 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அது வந்த அன்றே உயர் நீதிமன்றங்களின் நீதிபதிகள் அனைவரும் பதவி இழந்தார்கள். அவர்களில் யாரைத் திரும்ப நியமிப்பது என்பது ஜனாதிபதியின் விருப்பம். சிலர் நியமிக்கப்படவில்லை. நீக்கப்பட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைவிட, நீடித்தவர்களுக்கு என்ன புரிந்தது என்பதே முக்கியம்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்றாண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள். விசாரணை இல்லாமல் பதினெட்டு மாதம் அடைத்து வைக்கலாம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்கலாம். அது தமிழ் இளைஞர்களுக்கான சட்டம்தானே என்று தெற்கே பலர் பேசாமல் இருந்தார்கள். 1980 ஜூலையில் விலைவாசி உயர்வை எதிர்த்து அரசு ஊழியர்களும் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ 40,000 பேர் ஒரே வீச்சில் வேலையிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிங்களவர்கள். ஆளுங்கட்சித் தொழிற்சங்கத்தின் அடியாட்கள் சைக்கிள் சங்கிலியோடு ஊர்வலங்களுக்குள் புகுந்தார்கள். அந்தச் சங்கத்தின் பின்னால் நின்ற தொழில் அமைச்சர் சிரில் மத்தியூ, தமிழர்களுக்கு எதிரான பிரச்சாரத்தில் முன்னணியில் நின்றவர். தொழிலாளியை அடித்த கையும் தமிழனை அடித்த கையும் ஒன்றுதான். இதை அன்றைக்குச் சிங்களத் தொழிலாளியும் தமிழ் இளைஞனும் சேர்ந்து உணர்ந்திருந்தால், இலங்கையின் வரலாறு வேறு வழியில் போயிருக்கும்.

1980 அக்டோபர் 16 அன்று சிறிமாவோவின் குடிமை உரிமைகளை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்து, அவரை நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவருடைய ஆட்சியில் தவறுகள் உண்டு. ஆனால் அந்தத் தவறுகளுக்குத் தீர்ப்பு எழுத மக்கள் இருந்தார்கள், எழுதியும் இருந்தார்கள். எதிராளியே களத்தில் இல்லாமல் செய்துவிட்டு விளையாடினால் அது எப்படிப்பட்ட போட்டி?

1981 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். கொழும்பிலிருந்து இரண்டு அமைச்சர்கள், சிரில் மத்தியூவும் காமினி திசாநாயக்காவும், அங்கே வந்து தங்கினார்கள். தெற்கிலிருந்து நூற்றுக்கணக்கான போலீசார் கொண்டுவரப்பட்டார்கள். தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்களும் மீட்க முடியாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. எரித்தவர்கள் தேர்தல் பாதுகாப்புக்கு வந்தவர்கள்.

இனி 1982க்கு வருவோம். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்ட ஒன்றை வேறெங்கும் பார்ப்பது அரிது.

புதிய அரசியலமைப்பு ஒரு நல்ல காரியமும் செய்திருந்தது. இனி நாடாளுமன்றத் தேர்தல் விகிதாசார முறையில் நடக்கும் என்றது. அதாவது வாக்கு பாதி என்றால் இடமும் ஏறத்தாழப் பாதிதான். 1977 நாடாளுமன்றத்தின் காலம் 1983 ஆகஸ்டில் முடிகிறது. தேர்தல் வந்தால், ஐக்கிய தேசியக் கட்சி வென்றாலும் ஆறில் ஐந்து பங்கு வராது, மூன்றில் இரண்டு பங்கும் வராது. அரசியலமைப்பை நினைத்தபடி மாற்றும் அதிகாரம் கைவிட்டுப் போகும். தேர்தலில் தோற்றுவிடுவோம் என்று ஜெயவர்த்தனா அஞ்சவில்லை. வெற்றியின் அளவு குறைந்துவிடும் என்றே அஞ்சினார்.

முதலில் ஜனாதிபதி தேர்தலை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வழிசெய்யும் திருத்தம் வந்தது. 1982 அக்டோபர் 20 அன்று தேர்தல் நடந்தது. சிறிமாவோ நிற்க முடியாது. அவர் கட்சி சார்பில் ஹெக்டர் கொப்பேகடுவ நின்றார். ஜெயவர்த்தனா 52.9 விழுக்காடு வாக்கு பெற்றார். வெற்றியின் சூடு ஆறுவதற்குள் நான்காவது திருத்தம் வந்தது. எதிர்க்கட்சிக்குள் நக்சலைட்டுகள் இருக்கிறார்கள், அரசைக் கவிழ்த்து இரத்தம் சிந்தச் சதி செய்கிறார்கள், ஆகவே நாட்டைக் காக்கத் தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். நடிகரும் அரசியல்வாதியுமான விஜய குமாரதுங்க சிறையில் அடைக்கப்பட்டார். அந்தச் சதி எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் தேதியிடாத பதவி விலகல் கடிதம் ஒன்று எழுதி வாங்கப்பட்டது. தலைவர் விரும்பிய நாளில் தேதியைப் போட்டுக்கொள்ளலாம். மக்கள் தேர்ந்தெடுத்த 140 பேரின் மனசாட்சி ஒரே மேசையின் இழுப்பறைக்குள் போனது.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ஏழு நீதிபதிகள் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் சர்வஜன வாக்கெடுப்பும் இருந்தால் போதும் என்று நால்வர் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். ஒரே ஒரு நீதிபதியின் வாக்கில் பொதுத்தேர்தல் போனது.

நெருக்கடிநிலைச் சட்டங்களின் நிழலில் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்க்கட்சிப் பத்திரிகையின் அச்சகம் மூடி முத்திரையிடப்பட்டது. வாக்குச்சாவடிகளிலிருந்து எதிர்த்தரப்பு முகவர்கள் விரட்டப்பட்டதையும், ஆள்மாறாட்டமாகப் புள்ளடிகள் விழுந்ததையும் தேர்தல் ஆணையாளர் சந்தானந்த டி சில்வாவே பின்னர் அறிக்கையாக எழுதினார். அந்த அறிக்கை வந்த ஆண்டு 1987. ஐந்து ஆண்டுகள் கழித்து வரும் உண்மையால் யாருக்குப் பயன்? இவ்வளவுக்குப் பிறகும் விளக்குக்கு விழுந்த வாக்குகள், இரண்டு மாதம் முன்பு ஜெயவர்த்தனா பெற்ற வாக்குகளைவிட ஏறத்தாழ மூன்று லட்சம் குறைவு. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கு வாக்களித்தார்கள். தேர்தல் வேண்டும் என்று மிக உரக்கச் சொன்னவர்கள் தமிழர்கள். அவர்களைத்தான் மக்களாட்சிக்கு எதிரிகள் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது.

சட்டத்தால் வாயடைக்க முடியாத இடத்தில் மரபு உடைந்தது. மரபு என்றால் என்ன என்பதை அரியலூர் அறியும். 1956 நவம்பர் 23 விடியலில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். விலக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாலத்தை வெள்ளம் அரித்ததற்கு அவர் நேரடியாகப் பொறுப்பும் இல்லை. ஆனாலும் விலகினார். இதே சாஸ்திரிதான் 1964இல் சிறிமாவோவோடு ஒப்பந்தம் செய்து, நாடற்றவர்களான மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று கையெழுத்திட்டார். அந்த மக்களைக் கேட்காமலே அவர்களைப் பங்கிட்ட ஒப்பந்தம் அது, அந்தக் குறை உண்டு. ஆனால் பொறுப்பேற்றல் என்பதற்கு அரியலூர்தான் இந்தியாவின் அடையாளச் சொல்லாக நின்றது.

கொழும்பில் என்ன நடந்தது? வாக்கெடுப்புப் பிரச்சாரத்தில் எதிர்த்தரப்பின் துண்டறிக்கைகளைப் பறித்த போலீஸ் அதிகாரி அடிப்படை உரிமையை மீறினார் என்று 1983 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அதிகாரிக்கு என்ன கிடைத்தது? பதவி உயர்வு கிடைத்தது. அவர் கட்ட வேண்டிய இழப்பீட்டை அரசே கட்டியது. மார்ச் 8, மகளிர் நாள் ஊர்வலத்தையொட்டி முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் விவியன் குணவர்த்தன கைது செய்யப்பட்டது சட்டவிரோதம் என்று ஜூனில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அந்த வழக்கின் போலீஸ்காரருக்கும் பதவி உயர்வு. தீர்ப்பளித்த நீதிபதிகளின் வீடுகளுக்கு முன்னால் வண்டிகளில் வந்திறங்கிய கும்பல் வசைபாடியது. போலீசை அழைத்தும் உதவி வரவில்லை. கபடிக் களத்தில் நடுவரை அடித்த ஆட்டக்காரனுக்கு மாலை போட்டால், அடுத்த ஆட்டத்தில் விசில் ஊத யார் துணிவார்?

நீதிபதி வீட்டுக்கு வந்த கும்பல் அடுத்த மாதம் எங்கே போனது? 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் வைத்த கண்ணியில் 13 இராணுவத்தினர் இறந்தார்கள். மறுநாள் கொழும்பில் தமிழர் வீடுகள் எரியத் தொடங்கின. எரித்தவர்கள் எந்த வீடு யாருடையது என்று தேடி அலையவில்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதவிலக்கம் பார்த்து வந்தார்கள். 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இறந்தோர் சில நூறு என்று அரசு சொன்னது. மூவாயிரம் வரை இருக்கும் என்று மற்றவர்கள் கணக்கிட்டார்கள். ஆகஸ்ட் 8 அன்று ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்காதவருக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை. அமிர்தலிங்கமும் அவருடைய தோழர்களும் இடங்களை இழந்தார்கள். வாக்குச்சீட்டால் பேசிய தமிழரின் குரல் அவையிலிருந்து முற்றிலும் வெளியேறியது. துப்பாக்கியால் பேசியவர்களின் காலம் தொடங்கியது. அது 2009 மே வரை நீண்டது.

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கும் வாக்காளரை நீக்குவதே முதல் படியாக இருந்தது. 1890இல் மிசிசிப்பி மாநிலம் எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் வைத்துக் கறுப்பினத்தவரை வாக்குச்சாவடியிலிருந்து வெளியேற்றியது. தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதையே செய்தன. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே அந்த அநீதி தளர்ந்தது. அந்தச் சட்டத்தின் முதன்மையான கண்காணிப்பு ஏற்பாட்டை 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. 1960களுக்குப் பிறகு குடியரசுக் கட்சி, வரிக்குறைப்புப் பொருளாதாரத்தையும் வெள்ளையர் அச்சத்தையும் சேர்த்துக் கட்டிய கதை, ஐக்கிய தேசியக் கட்சியின் கதையோடு அப்படியே பொருந்துகிறது.

2020 தேர்தலில் டொனால்ட் டிரம்ப் தோற்றார். தோல்வியை ஏற்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டும் முடிவு மாறவில்லை. 2021 ஜனவரி 2 அன்று ஜார்ஜியா மாநிலத் தேர்தல் பொறுப்பாளர் பிராட் ராஃபன்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார். ஜனவரி 6 அன்று ஆதரவாளர் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. அன்று அமெரிக்க மக்களாட்சி பிழைத்தது எப்படி? ராஃபன்ஸ்பெர்கர் மறுத்தார், அவர் டிரம்பின் கட்சிக்காரர். முடிவை அறிவிக்க வேண்டிய துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் வளையவில்லை, அவரும் அதே கட்சிக்காரர். டிரம்ப் நியமித்த நீதிபதிகளும் வழக்குகளைத் தள்ளினார்கள். தேதியிடாத கடிதம் எழுதிக் கொடுக்காதவர்கள் சிலர் ஆளுங்கட்சிக்குள் இருந்தார்கள். 1982இல் கொழும்பில் அப்படிப்பட்டவர்கள் போதுமான அளவில் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2024 நவம்பரில் டிரம்ப் முறையாக வென்று திரும்பினார். அந்த வெற்றி மக்களின் முடிவு, அதை மதிக்கத்தான் வேண்டும். 2025 ஜனவரி 20, பதவியேற்ற அதே நாளில், ஜனவரி 6 நிகழ்வில் குற்றம் சாட்டப்பட்ட ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். உரிமையை மீறியவருக்குப் பதவி உயர்வு என்று 1983இல் கொழும்பு அனுப்பிய செய்தியும் இந்தச் செய்தியும் வேறு வேறா? அவையினர் எண்ணிப் பார்க்கட்டும். ஹங்கேரியில் விக்டர் ஓர்பான் 2010இல் பாதியைச் சற்றே தாண்டிய வாக்குகளோடு மூன்றில் இரண்டு பங்கு இடம் பெற்று, அடுத்த ஆண்டே புதிய அரசியலமைப்பை இயற்றி, நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62ஆகக் குறைத்து மூத்தவர்களை வெளியேற்றினார். இதுவும் 1978இன் மறுபதிப்பே.

இந்தியா இதற்கெல்லாம் வெளியே நிற்கவில்லை. 1975 ஜூன் 25 அன்று வந்த நெருக்கடிநிலையில் மக்களவையின் காலம் நீட்டிக்கப்பட்டது, 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கலைக்கப்பட்டது. செய்தது வலதுசாரி அரசு அன்று, காங்கிரஸ் அரசு. ஆனால் அடுத்த ஆண்டு மார்ச்சில் தேர்தல் வந்தது, மக்கள் பதில் சொன்னார்கள். அண்மைக் காலத்தில், தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தலைமை நீதிபதியும் இருக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் பாரதிய ஜனதா அரசு கொண்டுவந்த சட்டம், தலைமை நீதிபதிக்குப் பதிலாகப் பிரதமர் தேர்ந்தெடுக்கும் ஓர் அமைச்சரை அந்தக் குழுவில் வைத்தது. மூவரில் இருவர் அரசுத் தரப்பு. 2024 பிப்ரவரி 15 அன்று, யார் கொடுத்தார் என்று மக்களுக்குத் தெரியாத தேர்தல் பத்திர நன்கொடைத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. முதலாவது கவலை தருகிறது, இரண்டாவது நம்பிக்கை தருகிறது. இரண்டுமே நடுவரைப் பற்றியவை.

இலங்கையிலும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. 2018 அக்டோபரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனா திடீரென்று பிரதமரை மாற்றி, அடுத்த மாதம் நாடாளுமன்றத்தையும் கலைத்தார். டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தக் கலைப்பு செல்லாது என்றார்கள். 1982இல் நான்குக்கு மூன்று என்று பிளந்த அதே நீதிமன்றம் அது. இனப்பெருமிதத்தின் அலையில் 2019இல் வென்ற கோத்தபய ராஜபக்ச, அடுத்த ஆண்டு அதிகாரம் முழுவதையும் தன்னிடம் குவித்துக்கொண்டார். 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற சிங்கள மக்களே அவரை விரட்டினார்கள். மக்கள் திருத்திக்கொள்ள முடியும். ஆனால் ஜெயவர்த்தனாவின் வாக்கெடுப்புக்குப் பிறகு அதற்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன, எத்தனை உயிர்கள் போயின! 1977 ஜூலைக்குப் பிறகு இலங்கையில் நடந்த அடுத்த நாடாளுமன்றப் பொதுத்தேர்தல் 1989 பிப்ரவரி 15. இடையில் வயது வந்த ஒரு தலைமுறை, தன் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்காமலே போர்க்களத்துக்கும் அகதி முகாமுக்கும் போனது.

ஆகவே அவையினரிடம் ஒரு வேண்டுகோள். வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்கும் காலங்களில் வரைவுப் பட்டியலை உங்கள் வாக்குச்சாவடியில் வைப்பார்கள். உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உங்கள் தெருவின் பட்டியல் முழுவதையும் வாசியுங்கள். வேலைக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்வருபவர், மொழி தெரியாத குடும்பம், தனியாக வாழும் மூதாட்டி, உங்கள் கட்சிக்கு வாக்களிக்காத அண்டை வீட்டார் ஆகியோரின் பெயர்களையும் தேடுங்கள். விடுபட்டிருந்தால் ஆறாம் எண் படிவத்தை எழுதிக் கொடுக்க உதவுங்கள். நியாயமில்லாமல் நீக்கியிருந்தால் யார் கேட்டு நீக்கினார்கள் என்று அதிகாரியிடம் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.